லேபிரிந்தில் வழி தேடாதீர்கள்

லேபிரிந்து என்பது மனம் அமைதியாக நடப்பதற்காகத் தரையில் கோடுகளால் வரைந்த சுற்றுப்பாதை. இந்த வாரமும் ஒருவர் அதில் பாதி நடையில் நின்று, கோடுகளைத் தாண்டி நேரே வெளியே வந்துவிட்டார். "இதில்கூட எனக்கு வழி கண்டுபிடிக்கத் தெரியலைங்க" என்றார், கண் கலங்க. மனம் லேசாக வேண்டுமென்று வந்தவர் பாரத்தைக் கூட்டிக்கொண்டு போனார். இது எத்தனையாவது முறை!

தயவுசெய்து கேளுங்கள். கிளைப்பாதையும் முட்டுச்சந்தும் இருப்பது மேஸ். லேபிரிந்தில் பாதை ஒன்றே ஒன்றுதான். வாசலில் கால் வைத்தால் நடுவில் கொண்டுபோய்ச் சேர்க்கும், அதுவே திரும்பவும் கொண்டுவந்து விடும். இதைப் 'புதிர்ப்பாதை' என்று எழுதுவதே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். மீதி, சக்கரவியூகம் என்ற பேச்சு: அபிமன்யுவை நினைத்துக்கொண்டே நுழைகிறார்கள்.

பயம் பிடிக்கும் இடமும் தெரிந்ததுதான். ஏழு சுற்று வடிவத்தில், வெளியிலிருந்து எண்ணினால், பாதை 3, 2, 1, 4, 7, 6, 5 என்று போய் நடுவை அடைகிறது. நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே வெளிவிளிம்புக்குத் தள்ளும். ஏழாம் சுற்றில் நடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், ஆனால் பாதை மறுபடி விலகும். எங்கோ தவறிவிட்டோம் என்று அங்கேதான் கோட்டைத் தாண்டுகிறார்கள். தாண்டிவிட்டாலும் பதற வேண்டாம். தொடர்ந்து நடந்தால் நடுவிலோ வாசலிலோதான் முடியும்.

தெரியாமல் தடம் மாறுவது கொண்டை ஊசித் திருப்பங்களில். பிரான்ஸின் சார்த்ர் தேவாலயத்தில், 13ஆம் நூற்றாண்டில் தரையில் பதித்த லேபிரிந்தில், தடத்தின் அகலம் சுமார் 34 செ.மீ., வாசலிலிருந்து நடு வரை நீளம் ஏறத்தாழ 260 மீட்டர். அவ்வளவு ஒடுக்கத்தில் நடுவையே பார்த்துக்கொண்டு திரும்பினால் கால் பக்கத்துத் தடத்தில்தான் விழும். பார்வை இரண்டு மூன்று அடி முன்னால் இருக்கட்டும், திருப்பத்தில் சின்னச் சின்ன அடி. எதிரே வருபவருக்கு ஒதுங்கும்போது ஒரு காலைத் தடத்திலேயே வையுங்கள், இல்லாவிட்டால் வந்த திசையே மறந்துவிடும்.

தலைச்சுற்றல் உள்ளவர்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று திரும்புங்கள். அப்படியும் சுற்றினால் நடக்கவே வேண்டாம், அதே பாதையைச் சிறிதாகச் செதுக்கி, விரலால் தடவிப் போகும் பலகை போதும். துணியில் வரைந்த லேபிரிந்தை விரித்தால் மடிப்புகளை இழுத்துச் சரிசெய்யாமல் யாரையும் ஏற்றாதீர்கள், தடுக்கி விழுவார்கள். கெஞ்சிக் கேட்கிறேன், மனச்சோர்வுக்கான மாத்திரையை இந்த நடையை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.

நடத்துகிறவர்களே, "பாதை ஒன்றுதான், எங்கும் பிரியாது" என்று வாசலில் ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பலகையில் எழுதி வைத்தால் யாரும் படிப்பதில்லை.