மைத்திரியை 'அன்பான கருணை' ஆக்கியது யார்?

தியானச் செயலியைத் திறந்தால் 'அன்பான கருணை தியானம்'. யூடியூபில் வழிநடத்தும் குரல், 'உங்கள் அன்பு-கருணையை எல்லோருக்கும் அனுப்புங்கள்' என்கிறது, ஏதோ கூரியரில் அனுப்புவதுபோல. மொழிபெயர்ப்பு நூல்களிலோ 'அன்பிரக்கம்' என்று ஓர் ஒட்டுச்சொல். எல்லாம் பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியின் 'மெத்தா'வுக்காம். அந்தச் சொல்லில் கருணையும் கிடையாது, இரக்கமும் கிடையாது.

பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாலியில் 'மித்த' என்றால் நண்பன், அதிலிருந்து 'மெத்தா'. வடமொழியில் மித்ர, மைத்ரீ; தமிழில் மைத்திரி. சத்துரு, மித்திரு என்கிறோமே, அதே மித்திரன்தான். இனி வரப்போகும் புத்தருக்கு மைத்திரேயர் என்ற பெயரும் இந்த வேரில்தான் கிளைத்தது.

பிறகு 'அன்பான கருணை' எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தின் 'லவ்விங் கைண்ட்னெஸ்' என்பதைத் துண்டு துண்டாகத் தமிழாக்கியதில் வந்தது. அந்த ஆங்கிலச் சொல் பௌத்தத்துக்காகப் பிறந்ததே அல்ல. 1535இல் வெளியான தம் ஆங்கில விவிலியத்தில் எபிரேய 'ஹெசெத்' என்ற சொல்லுக்காக மொழிபெயர்ப்பாளர் மைல்ஸ் கவர்டேல் அதைக் கையாண்டார். பிற்காலத்தில் பாலி நூல்களை ஆங்கிலமாக்கியவர்கள் அதை எடுத்து மெத்தாவுக்குப் போர்த்தினார்கள். ஆக, ஓர் எபிரேயச் சொல்லுக்குத் தைத்த ஆங்கிலச் சட்டையைக் கழற்றித் தமிழில் பாலிக்கு மாட்டுகிறோம். இதில் வேடிக்கை, தமிழ் வேதாகமத்தில் அதே 'ஹெசெத்' வரும் இடத்தில் 'உமது கிருபை' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள் (சங்கீதம் 63:3). கைண்ட்னெஸ் என்பதும் கருணை அன்று. கனிவு என்றாலாவது பொருந்தும்.

சொல் அழகாக இல்லை என்பதற்காக இத்தனை சண்டை வேண்டாம். இது பயிற்சியையே கெடுக்கிறது. பௌத்தத்தில் மெத்தா, கருணா, முதிதா (பிறர் நலம் கண்டு மகிழ்தல்), உபேக்கா (மனத்தின் சமநிலை) என வளர்க்கவேண்டிய நான்கு உள்ளநிலைகள். பிரம்ம விகாரம் என்பார்கள். முதலாவதிலேயே கருணையைக் கொட்டிவிட்டால் இரண்டாவதற்கு என்ன மிச்சம்? அதற்கு 'இரக்கம்' என்று போடுகிறார்கள். படிப்பவர் ஒரே பாடத்தை இருமுறை படிப்பதாக நினைத்துப் பக்கத்தைத் திருப்புகிறார்.

ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்தில் இருந்து விசுத்திமக்கம் என்ற பௌத்தப் பயிற்சி நூலை எழுதிய புத்தகோசர் (இவர் காஞ்சிபுரத்திலும் தங்கியவர்) நான்கையும் ஒரு தாயை வைத்துப் பிரிக்கிறார். தாய்க்கு நான்கு பிள்ளைகள். கைக்குழந்தை வளரவேண்டும் என்று விரும்புகிறாள்: மெத்தா. நோயாளிப் பிள்ளை தேறவேண்டும் என்று விரும்புகிறாள்: கருணை. இளமை பொங்க நிற்பவனைப் பார்த்து அது நீடிக்கவேண்டும் என மகிழ்கிறாள்: முதிதை. தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்பவனைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்கிறாள்: உபேக்கை. நோய் இருக்கும் இடத்தில்தான் கருணைக்கு வேலை. அதனால்தான் கருணைப் பயிற்சியைப் பெருந்துன்பத்தில் கிடக்கும் ஒருவரை வைத்துத் தொடங்கச் சொல்கிறார். மெத்தா தன்னிடமிருந்து தொடங்குகிறது. இரண்டையும் குழப்பினால், நன்றாக இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் கண்ணை மூடிக்கொண்டு துன்பம் தேடுவோம். 'ஐயோ பாவம்' என்று மேலிருந்து பார்க்கும் பார்வைதான் மிஞ்சும்.

அப்படியானால் எந்தச் சொல்? கலைச்சொல்லாக மைத்திரி போதும். சாத்தனாரே ஆண்டிருக்கிறார். மணிமேகலையின் கடைசிக் காதையில், 'மைத்திரி கருணா முதிதை என்றறிந்து / திருந்துநல் உணர்வால் செற்றம் அற்றிடுக' என்று வருகிறது. பற்றுக்கு ஒரு மருந்து, செற்றத்துக்கு (பகையுணர்வுக்கு) ஒரு மருந்து, மயக்கத்துக்கு ஒரு மருந்து என்று வரிசையாகச் சொல்லும் இடம் அது. மைத்திரி செற்றத்துக்கான மருந்து. தனித்தமிழ்தான் வேண்டும் என்பவர்கள் உடனே 'நேயம்' என்கிறார்கள். வடமொழி 'ஸ்நேகம்' என்று அகராதி சொல்லும், நெய்யிலிருந்து வந்தது என்று தனித்தமிழ் அன்பர்கள் சொல்வார்கள். எப்படிப் பார்த்தாலும் அது ஒட்டும் சொல். எண்ணெய்ப்பசை அதில் இருக்கிறது. அந்த ஒட்டுதலைத்தான் பௌத்தம் விலக்கச் சொல்கிறது. சினேகத்தைத் தொடர்ந்து துன்பம் வரும் என்பது சுத்தநிபாதம் என்ற பாலி நூலின் வாக்கு. மெத்தாவுக்குத் தொலைவிலுள்ள பகை தீங்கெண்ணம். மெத்தாவைப் போலவே தோன்றி அருகில் பதுங்கியிருக்கும் பகை ஆசை. நேயம் என்று பெயர் வைப்பது அந்த அருகிலுள்ள பகைக்குக் கதவைத் திறந்துவைப்பதாகும். 'அன்பு'க்கும் பாதி அதே சிக்கல்: 'அருளென்னும் அன்பீன் குழவி' என்னும்போது வள்ளுவர் அன்பைத் தாயாகவும் எல்லாரிடமும் செல்லும் அருளைப் பிள்ளையாகவும் வைக்கிறார். அன்பு தொடர்புடையாரோடு நிற்பது.

மிஞ்சுவது நட்பு. நட்புக்கு இருவர் வேண்டுமே, மைத்திரி ஒருதலையாகவும் நிற்குமே என்று கேட்கலாம். நியாயம், அதனால் 'நட்புள்ளம்' என்பேன். இந்தச் சொல்லை எடுத்த உடனே பயிற்சியின் படிகள் தாமாகத் தமிழில் வந்து உட்காருகின்றன. முதலில் தனக்கு: 'நான் பகையின்றி இருப்பேனாக, தீங்கெண்ணமின்றி இருப்பேனாக, துயரின்றி இருப்பேனாக, நலமாக என்னைப் பேணிக்கொள்வேனாக.' முதல் சொல்லே பகையின்மை. அடுத்து மதிப்புக்குரிய ஆசிரியர் போன்ற ஒருவர். பிறகு நெருங்கிய நண்பர், அதன்பின் வேண்டாதவரும் அல்லாத வேண்டியவரும் அல்லாத ஒருவர், கடைசியில் பகைவர். பரிமேலழகர் 'பகை, நொதுமல், நண்பு' என்று மூன்றாகப் பிரித்தாரே, அதே மூன்று. தினமும் பால் பாக்கெட் போடுபவர், முகம் தெரியும், பெயர் தெரியாது: நொதுமலர். இதற்கு 'நடுநிலை நபர்' என்று எழுதுகிறவர்களை என்ன செய்வது?

தொடக்கத்தில் தவிர்க்க வேண்டியவர்களும் உண்டு. மிக நெருங்கியவரை முதலில் எடுத்தால் அவருக்குச் சிறு துன்பம் என்றாலும் அழுகை முந்திக்கொள்ளும். பிடிக்காதவரை எடுத்தால் மனம் களைத்துப்போகும். எதிர்பாலினத்தவரைத் தனித்து எடுத்தால் ஆசை உள்ளே வரும். இறந்தவரை எடுத்தால் எவ்வளவு உட்கார்ந்தாலும் மனம் ஒன்றாது.

விசுத்திமக்கம் வைக்கும் முடிவான சோதனை கடுமையானது. நீங்களும் நண்பரும் நொதுமலரும் பகைவரும் ஓரிடத்தில் இருக்கிறீர்கள். கொள்ளையர் வந்து, பலியிட ஒருவரைக் கொடு என்கிறார்கள். பகைவரைக் காட்டினால் தோல்வி. 'என்னைக் கொண்டுபோங்கள்' என்றாலும் தோல்விதான், ஏனெனில் அங்கும் ஒருவருக்குக் குறைத்து அளந்தாயிற்று. கொடுக்கத் தகுந்த ஆளே கண்ணில் படாதபோதுதான் நால்வருக்கும் இடையிலிருந்த வேலி உடைந்தது என்று பொருள். 'பகைநட்பாக் கொண்டொழுகும் பண்புடையாளன்' என்ற குறள் இதற்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது! 'அன்பான கருணை'யை வைத்துக்கொண்டு இந்தக் குறள்வரை வரவே முடியாது.

உபேக்கையின் கதை இன்னும் மோசம். மூலச்சொல் பக்கத்தில் இருக்கிறதே என்று 'உபேட்சை' என எழுதிவிடுகிறார்கள். தமிழில் உபேட்சை என்றால் கண்டுகொள்ளாமல் விடுவது. அறியாமையால் வரும் அந்தப் பாராமுகத்தைத்தான் உபேக்கையின் அருகிலுள்ள பகை என்று புத்தகோசர் குறித்துவைத்தார். பகையின் பெயரையே பண்புக்கு வைத்திருக்கிறோம். நடுவுநிலை என்ற சொல் திருக்குறளில் ஓர் அதிகாரத் தலைப்பில் நடுவுநிலைமை என்று இருக்கிறது, எடுத்துக்கொள்ளத்தான் ஆளில்லை.