சோத்த நிறுத்திட்டேன் டாக்டரம்மா, அப்புறம் ஏன் சுகர் ஏறுது?

இந்தக் கேள்விய கேக்காத நாளே இல்லங்க. போன வாரம் வந்தவரப் பாத்ததுக்கு அப்புறம் எழுதாம இருக்க முடியல.

நம்ம சேலம் அம்மாபேட்டை பக்கம் கொலுசு பட்டறை வச்சிருக்கறவரு, அம்பது வயசு தாண்டிடுச்சு, சுகர் வந்து ஆறு வருசம். ரெண்டு மாசமா அரிசிச் சோத்தையே தொடலையாம், காலைல ராகிக்கூழ், மத்தியானம் சாமைச் சோறு, ராத்திரி சப்பாத்தி, வெள்ளச் சக்கரைக்கு பதிலா நாட்டுச்சக்கரை. இவ்வளவு வைராக்கியமா இருந்தும் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுத்த சுகர் 310. ரிப்போர்ட்ட நீட்டும்போதே மனுசனுக்கு கண்ணு கலங்கிடுச்சு. கூட வந்த அவரு சம்சாரம் "இதுக்கு அந்தச் சோத்தையே தின்னிருக்கலாமுங்க"ங்கறாங்க.

நான் கேட்டது ஒண்ணுதான், கூழ எதுலங்கண்ணா குடிக்கறீங்க? "சொம்புலதானுங்க."

மறுநாள் அந்தச் சொம்பையே எடுத்துட்டு வரச் சொன்னேன். எவர்சில்வர் சொம்பு, கழுத்துகிட்ட பேர் வெட்டினது, ஏதோ கல்யாணத்துல வந்த சீரு. தண்ணி ஊத்தி அளந்தா முக்கால் லிட்டரு. அவங்க வீட்டம்மா மாவு எவ்வளவு போடறாங்கன்னு கையால அள்ளிக் காட்டச் சொல்லி கணக்குப் போட்டா 120 கிராம், மேல நாட்டுச்சக்கரை மூணு பெரிய ஸ்பூன். மொத்தத்துல மாவுச்சத்து மட்டும் 100 கிராம தாண்டுது, ஏழெட்டு இட்லி ஒரே மூச்சுல சாப்பிட்ட மாதிரி. அதுக்கு மேல ஒம்பது மணிக்கு டிபன் வேற தனியா!

தயவுசெஞ்சு இத நல்லா கேட்டுக்கோங்க. அரிசி 100 கிராம்ல மாவுச்சத்து 78 கிராம் கிட்ட இருக்கு, ராகில 67 கிட்ட. அவ்வளவுதான் வித்தியாசம். ராகில நார்ச்சத்து கூட, கால்சியம் ரொம்ப கூட, நல்ல தானியம்தான், நான் வேண்டாம்னே சொல்லல. ஆனா நைஸா அரைச்சு, கொழகொழன்னு காச்சி, மெல்லாம கடகடன்னு குடிச்சா அது ரத்தத்துல போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆவும்? சாமை, தினை, வரகு எல்லாத்துக்கும் அளவு இருக்கு. சப்பாத்தியும் அப்படித்தான், ரெண்டு சாப்பிட்டா மருந்து, ஆறு சாப்பிட்டா அதே சோறு.

நாட்டுச்சக்கரை கதை இன்னும் மோசம். ஓமலூர் பக்கம் ஆலைல காச்சறதப் பாத்திருப்பீங்க, கரும்புச் சாறுதானே அது? வெள்ளச் சக்கரையும் அதே கரும்புல இருந்துதான் வருது. இரும்பு கொஞ்சம் இருக்குன்னு சொல்லி காபில ரெண்டு ஸ்பூன் சேத்துப் போட்டா சுகர் ஏறத்தான் செய்யும். கருப்பட்டி, தேன் எல்லாத்துக்கும் இதே பதில்தான், திரும்பத் திரும்ப கேக்காதீங்க.

அப்புறம் நம்மூரு ஜவ்வரிசி. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக்கிழங்கு மாவத்தான் உருட்டி வறுக்கறோம், அது கிட்டத்தட்ட முழுக்க மாவுதான், புரதமும் நார்ச்சத்தும் பேருக்குக் கூட இல்ல. சுகர் உள்ளவங்க "லேசான சாப்பாடு"ன்னு ராத்திரி ஜவ்வரிசி கஞ்சி குடிக்கறத கேட்டா எனக்கு பகீர்னு இருக்கு.

தட்டுல பாதி காய் வைங்க, அவரையோ கொத்தவரையோ கீரையோ எதுவா இருந்தாலும் சரி. கால்வாசிக்கு பருப்பு, கொள்ளு, முட்டை, மீன்னு ஏதாவது ஒண்ணு. மிச்ச கால்வாசிதான் சோறு, அது எந்தச் சோறா இருந்தாலும். மொதல்ல காயச் சாப்பிட்டுட்டு அப்புறம் சோத்துக்கு போங்க. சாயங்காலம் தட்டுவடை செட்டு மேல ஆசையா, வாரத்துக்கு ஒருநாள் ஒரு செட்டு சாப்பிடுங்க, நான் திட்டமாட்டேன்.

நடைக்கு வருவோம். வாரத்துக்கு 150 நிமிசம், அதாவது தினமும் அரைமணி நேரம் அஞ்சு நாளு. ஆறு நாளு பட்டறைல சம்மணம் போட்டு உக்காந்துட்டு ஞாயித்துக்கிழமை மட்டும் அடிவாரத்துல இருந்து ஏற்காட்டுக்கு நடந்தே ஏறறேன்னு கிளம்பாதீங்க. அப்படித்தான் ஒரு தம்பி காலைல சுகர் மாத்திரையப் போட்டுட்டு வெறும் வயித்துல ஏறி, ரெண்டாவது கொண்டை ஊசி வளைவு தாண்டறதுக்குள்ள சுகர் ரொம்ப எறங்கி, வேர்த்துக் கொட்டி கை நடுங்கி உக்காந்துட்டாப்ல. யாரோ புண்ணியவான் சக்கரை போட்ட டீ வாங்கிக் குடுத்திருக்காரு, அதனால பொழச்சாப்ல. க்ளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவங்க சாப்பாட்ட கொறச்சாலும் நடைய கூட்டினாலும் மொதல்ல டாக்டர்கிட்ட சொல்லணும், டோஸ் மாத்த வேண்டி வரும். சட்டைப் பையில குளுக்கோஸ் பாக்கெட் இல்லாம வாசலத் தாண்டாதீங்க.

சாப்பிட்டு முடிச்சதும் பத்து பதினஞ்சு நிமிசம் தெருவுலயே நடந்தாலும் சுகர் ஏறறது கொறையும், இதுக்கு காந்தி ஸ்டேடியம் வரைக்கும் போகணும்னு இல்ல. பட்டறைல இருக்கறவங்க மணிக்கு ஒருதடவ எந்திரிச்சு அஞ்சு நிமிசம் நடங்க. புல்லுல வெறுங்காலோட நடந்தா நல்லதுன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, கால் மரத்துப் போனவங்களுக்கு முள்ளு குத்தினது கூட தெரியாது, ரெண்டு வாரம் கழிச்சு புண்ணோட வர்றாங்க.

அந்தக் கொலுசுக்கார அண்ணன் இப்ப காபி டம்ளர்ல ஒரு டம்ளர் கூழு குடிக்கறாரு, மோர் ஊத்தி, சின்ன வெங்காயம் கடிச்சுகிட்டு, சக்கரை இல்லாம. காலை டிபனும் அதுவேதான், கூட ஒரு அவிச்ச முட்டை.

அடுத்த தடவ வரும்போது ரிப்போர்ட்டோட சேத்து உங்க வீட்டு சொம்பையும் கரண்டியையும் எடுத்துட்டு வாங்க, அளந்து பாத்துட்டு பேசுவோம்.