நீர்ப்பிரம்மித் தொட்டிக்கு அடியில் ஓட்டை வேண்டாம்

வரப்பு, குளக்கரை, வாய்க்கால் ஓரம் என்று ஈரம் நிற்கும் இடமெல்லாம் தானாகப் படரும் நீர்ப்பிரம்மி, தொட்டிக்கு வந்ததும் கருகுகிறதென்றால் பெரும்பாலும் நம் அதிக அக்கறைதான் காரணம். அடியில் ஓட்டை, தென்னைநார்க் கழிவு கலந்த பொலபொல மண், மேல்மண் காய்ந்தபின் தண்ணீர்: மற்ற செடிகளுக்கு நல்லதான இந்த மூன்றும் இதற்கு ஆகாது. சதைப்பற்றான இலையைப் பார்த்து வறட்சி தாங்கும் என்று நம்பிவிடாதீர்கள். வேர் மேலாகத்தான் ஓடும். மண் ஒருமுறை முழுக்கக் காய்ந்தாலே நுனிகள் கருகும்.

ஆழத்தைவிட அகலம் முக்கியம். 15 செ.மீ. ஆழமுள்ள பிளாஸ்டிக் பேசின் போதும். களிமண் அல்லது வண்டல் 3 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய தொழு உரம் ஒரே ஒரு கைப்பிடி. உரம் கூடினால் நீருக்கடியில் காற்றில்லாமல் அழுகும். மண்ணைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும், வேர் கறுத்திருக்கும்.

விளிம்புக்கு 3 செ.மீ. கீழே வரை மண் நிரப்பி, மண் மட்டத்தை ஒட்டிப் பக்கவாட்டில் ஒரு ஓட்டை போடுங்கள். மண் எப்போதும் சேறாக இருக்கும், மழை பெய்தாலும் மேலே நீர் தேங்காது. தேங்கினால் ஒரு வாரத்திலேயே கொசு கிளம்பிவிடும்.

விதை தேடி அலைய வேண்டாம். நான்கைந்து கணுவுள்ள 8–10 செ.மீ. தண்டை எடுத்து, கீழ் இரண்டு கணுவின் இலைகளைக் கிள்ளிவிட்டு, அந்தக் கணுக்கள் புதையும்படி சாய்வாக ஊன்றுங்கள். கணுவில்தான் வேர் விடும். பிடித்ததா என்று பார்க்க லேசாக இழுத்தால் தெரிந்துவிடும். வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: பிரம்மி என்று வல்லாரையையும் கொடுப்பார்கள். வல்லாரைக்கு நீண்ட காம்பில் விளிம்பு வெட்டுப்பட்ட வட்ட இலை; இதற்குக் காம்பில்லாத கரண்டி வடிவ இலை, எதிரெதிரே இரண்டிரண்டாக.

தினமும் நாலைந்து மணி நேர வெயில் தேவை. நிழலில் தண்டு நெடுநெடுவென நீளும், பூ குறையும். இலைக்கக்கத்தில் ஒவ்வொன்றாக வரும் ஐந்து மடல் பூ நகக்கண் அளவுதான். வெள்ளையில் ஊதா லேசாகத் தொட்டிருக்கும். இளநுனிகள் மட்டும் வெளுத்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. கடின நீரில் இது சகஜம், மழைநீர் கிடைத்தால் அதையே ஊற்றுங்கள்.

சாக்கடை ஓரத்துச் செடியைச் சமையலுக்கோ மருந்துக்கோ எடுக்காதீர்கள். காட்மியம், பாதரசம் போன்ற உலோகங்களை இச்செடி உறிஞ்சித் தனக்குள் சேர்த்துக்கொள்ளும், எத்தனை முறை கழுவினாலும் அவை போகாது.