சோதனைக்கு எத்தனை எதிரொளிப்புகளை ஒதுக்குவது?

புரதப் படிகத்தின் மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சும்போது புள்ளிகளாகப் பதிவாகும் சிதறல் அளவீடுகளான எதிரொளிப்புகளோடு பொருந்தும் வரை அணு மாதிரியைத் திருத்திக்கொண்டே போவதுதான் கட்டமைப்புச் செம்மையாக்கம். ஓர் அணுவின் இடத்தைக் குறிக்க மூன்று எண்களும், அதன் அதிர்வைக் குறிக்கப் பொதுவாக ஓர் எண்ணும் தேவை. ஆயிரம் அணுக்களுக்கு 4000 அளவுருக்கள். பிரிதிறன் குறைந்த, அதாவது நுண்விவரம் தெளிவாகத் தெரியாத தரவில் அளவீடுகள் இந்த எண்ணிக்கையைப் பெரிதாக மிஞ்சுவதில்லை என்பதால், தவறான மாதிரியைக்கூட வளைத்து நெளித்துப் பொருத்திவிட முடியும். பொருத்தத்தின் பிழையைக் காட்டும் ஆர் மதிப்பும் அதற்கேற்பக் குறைந்துகொண்டே போகும்.

இதற்குக் கடிவாளமாக 1992இல் ஆக்சல் புருங்கர் முன்வைத்ததே ஆர்-ஃப்ரீ. எதிரொளிப்புகளில் ஒரு சிறு பகுதியைக் குருட்டாம்போக்கில் தேர்ந்து, செம்மையாக்கத்தில் சேர்க்காமல் ஒதுக்கி, அவற்றுக்கு மட்டும் ஆர் மதிப்பைக் கணக்கிட வேண்டும். மாதிரி இவற்றைப் பார்த்ததில்லை என்பதால், வளைத்துப் பொருத்தினால் இந்த மதிப்பு காட்டிக்கொடுத்துவிடும்.

எவ்வளவு ஒதுக்குவது? 5 அல்லது 10 சதவீதம் என்பது வழக்கம். ஆனால் அது கைப்பழக்கமே தவிர விதியன்று. ஆர்-ஃப்ரீயின் நம்பகத்தன்மையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது விகிதமல்ல, எண்ணிக்கை. ஒதுக்கியவற்றின் எண்ணிக்கையை இரட்டித்து, அதன் வர்க்கமூலத்தால் ஆர்-ஃப்ரீயை வகுத்தால் அதன் திட்டப்பிழை தோராயமாகக் கிடைக்கும். ஆர்-ஃப்ரீ 0.25 எனில், 200 எதிரொளிப்புகளுக்குப் பிழை 0.0125, 1000க்கு ஏறத்தாழ 0.0056, 2000க்கு 0.004. 200 மட்டுமே ஒதுக்கிய நிலையில், மாதிரியை மாற்றிய பின் ஆர்-ஃப்ரீ 0.01 இறங்கியதைக் கண்டு மகிழ்வது அவசரம். 2000க்கு மேல் ஒதுக்குவதில் ஆதாயம் சொற்பம். பெரிய தரவுத் தொகுப்பில் 10 சதவீதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது, மாதிரிக்குப் பயன்பட வேண்டிய அளவீடுகளை வீணாக்குவதாகும்.

சிறிய தொகுப்பில்தான் உண்மையான இழுபறி. 4000 எதிரொளிப்புகளே இருக்கையில் 5 சதவீதம் என்பது வெறும் 200. ஒதுக்கியவற்றைப் பிரிதிறன் அடுக்குகளாகப் பிரித்து, மாதிரியின் பிழையை மதிப்பிட்டுச் செம்மையாக்கும் பெருமச் சாத்திய முறைக்கு, அடுக்குக்குச் சில பத்துகளே மிஞ்சும். அங்கே 10 சதவீதம் நியாயமே. இன்னும் ஐயம் இருந்தால், தொகுப்பைப் பல கூறுகளாக்கி, ஒவ்வொன்றையும் முறைவைத்து ஒதுக்கிச் செம்மையாக்கலாம்; கணினி நேரம்தான் கூடும்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும், ஒதுக்கியவை மற்றவற்றோடு தொடர்பற்றவையாக இல்லாவிட்டால் பயனில்லை. படிகம் இரட்டைப் படிகமாக, அதாவது வெவ்வேறு திசை நோக்கிய பகுதிகள் ஒட்டி வளர்ந்ததாக இருந்தால், இரட்டைத்தன்மையால் இணைந்த எதிரொளிப்புகளைச் சேர்த்தே ஒதுக்க வேண்டும். அதே வகைப் படிகத்தில் வேறொரு மருந்து மூலக்கூறைப் பிணைத்து மறுபடியும் தரவு எடுத்தால், பழைய சோதனைத் தொகுப்பையே தொடர வேண்டும்; புதிதாகக் குலுக்கினால், தொடக்க மாதிரி ஏற்கெனவே பொருந்தியிருக்கும் எதிரொளிப்புகள் சோதனைக்குள் நுழைந்து, ஆர்-ஃப்ரீ பொய்யாகக் குறைந்து நிற்கும்.