92 சதவீதம் இருந்தால் பாரசீகத் தங்கமா?

போன வாரமும் ஒருவர் வந்தார். இரண்டு முனையிலும் சிங்கத் தலை வைத்த காப்பு, கூடவே டெஸ்டிங் கடையில் எடுத்த ரிப்போர்ட் சீட்டு. தங்கம் 92 சதவீதம், மீதி வெள்ளியும் செம்பும். "சார், 2500 வருஷத்துப் பாரசீக நகை, ரிப்போர்ட்டே இருக்கு" என்றார். விற்றவன் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறான். துபாயில் உலோகச் சோதனை வேலை பார்க்கும் எனக்கு இந்தச் சீட்டைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. ஆளாளுக்குச் சொல்வதைவிட ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

அந்தச் சீட்டில் வயது இல்லை. இருக்கவும் முடியாது. உரைகல்லோ எக்ஸ்ரே பாய்ச்சி உலோகத்தைச் சோதிக்கும் எக்ஸ்.ஆர்.எஃப் மெஷினோ, என்னென்ன உலோகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். 2500 வருஷத்துக்கு முந்தைய பாரசீக மன்னர் டேரியஸ் காலத்தில் உருக்கியதும் நேற்று ராத்திரி உருக்கியதும் அதற்கு ஒன்றுதான். அதிலும் மெஷின் பார்ப்பது மேல்தோலை. நெடுங்காலம் மண்ணில் கிடந்த நகையில் மேற்பரப்பிலுள்ள வெள்ளியும் செம்பும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறியிருக்கும், அதனால் மேலே காட்டும் மாற்று உள்ளே இருப்பதைவிடக் கூடுதலாகவே தெரியும். ஆக, நிஜமான பழைய நகைக்கே அந்தச் சீட்டு சரியான கணக்கில்லை.

"பாரசீகத் தங்கத்துக்கென்று தனி மாற்று உண்டாமே" என்று கேட்பவர்களுக்கு டேரியஸே பதில் சொல்லியிருக்கிறார். ஈரானின் பழைய தலைநகரான சூசாவில் அரண்மனை கட்டியபோது பொறித்து வைத்த சாசனத்தில், தங்கம் சார்டிஸிலிருந்தும் பாக்ட்ரியாவிலிருந்தும் வந்தது, பொன் வேலை செய்தவர்கள் மீடியரும் (வடமேற்கு ஈரான் மக்கள்) எகிப்தியரும் என்று இருக்கிறது. சார்டிஸ் இன்றைய துருக்கியில், பாக்ட்ரியா ஆப்கானிஸ்தான் பக்கம். இதில் எந்த மாற்றைத் தேடுவது?

தாரிக் என்ற பழைய பாரசீகத் தங்கக் காசையோ உடைந்த நகையையோ உருக்கிப் புதுக் காப்பு செய்தால், உலோகம் அசல், வேலை போலி. இது இன்றைய தந்திரமும் இல்லை. 1880 வாக்கில், ஆக்சஸ் ஆற்றங்கரையில் கிடைத்த பழைய பாரசீகத் தங்க நகைகள், அதாவது ஆக்சஸ் புதையல், விற்பனைக்கு வந்தபோதே ராவல்பிண்டி வியாபாரிகள் அசலைப் பார்த்துத் தங்கத்திலேயே பிரதி செய்து தள்ளப் பார்த்தார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தின் காப்பாளர் ஃபிராங்க்ஸ் விவரமான மனிதர், பிரதிகளுக்குத் தங்க விலைக்குச் சற்றே மேலே கொடுத்து வாங்கி, அப்புறம் அசலையும் வாங்கிவிட்டார். அவர் பார்த்தது வேலையை.

நாங்கள் பார்ப்பதும் அதைத்தான். கம்பியை லென்ஸில் பாருங்கள். பழங்காலக் கம்பி பெரும்பாலும் மெல்லிய தகட்டுக் கீற்றை முறுக்கி உருட்டியது, அதனால் மேலே சுருள் சுருளாக ஒரு தையல் கோடு ஓடும். அச்சுத் துளையில் இழுத்த கம்பியில் நீளவாக்கில் நேர்கோடுகள் இருக்கும். ஈரானில் பழைய பாரசீகத் தலைநகரான பாசர்கடேயில் 1963-ல் கிடைத்த காட்டாட்டுத் தலைக் காப்புகளின் வளையமே முறுக்கிய கம்பிதான், அதைப் போலச் செய்பவன் கடைக் கம்பியை வாங்கி முறுக்கிவிடுகிறான். அடுத்து பற்றவைப்பு. போன வாரக் காப்பில் சிங்கத்தின் கழுத்தடியில், பொடி வைத்து ஊதிய இடத்தில் காட்மியம் வந்தது. நம் ஊர்க் கடைகளில் கே.டி.எம். என்று விற்றார்களே, அதிலும் பற்றவைக்கும் பொடியில் இதே காட்மியம்தான். காட்மியத்தைத் தனி உலோகமாகக் கண்டுபிடித்ததே 1817-ல். வேறெதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவர் சேமிப்பு முழுவதும் போயிருக்கிறது, அந்த முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

இதைவிட எனக்கு வயிற்றெரிச்சல் பாலிஷ் போட்டுக் கொண்டுவருபவர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஆசிட் வேண்டாம், பிரஷ் வேண்டாம், பற்பசை வேண்டவே வேண்டாம். அகாமனிய (டேரியஸின் வம்சம்) நகைகளில் டர்காய்ஸ், லாபிஸ் போன்ற கற்களை இழைத்த குழிகள் உண்டு. ஆக்சஸ் காப்புகளில் அந்தக் குழிகள் இன்று காலி. உங்கள் நகையின் குழிக்குள் கறுப்பாக எதுவோ ஒட்டியிருந்தால் அதை அழுக்கு என்று ஊசியால் குடையாதீர்கள், அது கல்லை ஒட்டிய பழைய பிசினாக இருக்கலாம். உளி பட்ட தடம், தேய்மானம், மண், எல்லாம் எங்களுக்குச் சாட்சி. பளபளவென்று ஆக்கிக் கொண்டுவந்தால் நான் எதைப் பார்ப்பது?

வாங்கப் போகிறவர்களுக்கு: எங்கே, எதனோடு கிடைத்தது என்று முதலில் கேளுங்கள். பாரிஸின் லூவ்ர் மியூசியத்தில் இருக்கும் சூசா சிங்கத் தலைக் கழுத்து வளையம் 1901-ல் வெண்கலச் சவப்பெட்டியில் எலும்புக்கூட்டோடு கிடைத்தது. அதன் காலத்தை நான்காம் நூற்றாண்டு, கி.மு. என்று கணிக்க உதவியது கூடவே கிடந்த வெள்ளிக் காசுகள். அப்படி எதுவும் இல்லாமல் தனியாகக் கைக்கு வருவது பெரும்பாலும் ஒன்று போலி, இல்லை திருட்டுத்தனமாகத் தோண்டியது. ஈரானில் 1930-லிருந்தே தொல்பொருள் சட்டம் இருக்கிறது, தொல்பொருள் கடத்தலுக்கு எதிரான 1970 யுனெஸ்கோ ஒப்பந்தமும் இருக்கிறது. எப்போது, எந்த அனுமதியோடு ஈரானை விட்டு வந்தது என்பதற்கு விற்பவரிடம் காகிதம் இருக்க வேண்டும். "தாத்தா காலத்து நகை" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் அட்வான்ஸ்கூடக் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.