வெள்ள நிவாரணம்: வீட்டைக் கழுவுவதற்கு முன்னால் படியுங்கள்

2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, தமிழ்நாடு அரசு அறிவித்த தொகை இது: விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய், சேதமான குடிசைக்கு 10,000, நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000, செத்த மாட்டுக்கு 37,500. தொகை புயலுக்குப் புயல் மாறும். அதை வாங்குவதில் உள்ள வில்லங்கம் மட்டும் மாறுவதே இல்லை.

எல்லாம் சேதக் கணக்கெடுப்பில் இருக்கிறது. வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) வருவதற்குள் சேற்றை வாரிக் கொட்டி, இடிந்த பக்கம் தார்ப்பாய் கட்டிவிடுகிறோம். அவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு ‘பகுதி சேதம்’ என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். அதனால் முதலில் போனில் படம் எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு, கதவு எண், பக்கத்து வீடு எல்லாம் தெரிய வேண்டும். என்ன எழுதினார் என்று அங்கேயே கேளுங்கள். முகம் சுளிப்பார், பரவாயில்லை.

செத்த மாட்டை அவசரப்பட்டுப் புதைக்காதீர்கள். கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தராவிட்டால் பணம் கிடைப்பது கஷ்டம். வெள்ளத்தில் ஆள் இறந்தால் போலீஸ் புகாரும் பிரேதப் பரிசோதனையும் கேட்பார்கள். துக்கத்தில் இதெல்லாம் எதற்கு என்று விட்டவர்கள்தான் பிறகு அலைகிறார்கள்.

ஏரிக்கரை, ஆற்றோரப் புறம்போக்கில் இருப்பவர்களை ‘அங்கீகாரம் இல்லாத வீடு’ என்று திருப்பி அனுப்புவார்கள். பேரிடர் நிதி விதியில் அப்படி ஒரு வரி உண்மையிலேயே இருக்கிறது. வெள்ளம் முதலில் அங்கேதான் வரும் என்பது விதி எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை போல. குடிசை என்றால், அதிகாரிகள் அதைக் குடிசை என்று ஏற்க வேண்டும். வரி ரசீது, மின் அட்டை என்று கையில் எது இருந்தாலும் மனுவோடு சேருங்கள்.

பயிருக்கு 33 சதவீதச் சேதம் வேண்டும். 30 என்று எழுதினால் ஒரு பைசா வராது. குத்தகைக்காரர்கள் அடங்கலில் (யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று எழுதும் கிராமக் கணக்கு) யார் பெயர் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். நில உடைமையாளர் பெயர் இருந்தால் பணம் அவர் கணக்குக்குத்தான் போகும்.

வி.ஏ.ஓ., ஆர்.ஐ.யை (வருவாய் ஆய்வாளர்) கை காட்டுவார், ஆர்.ஐ. தாலுகா ஆபீஸைக் காட்டுவார், அங்கே ‘மேலே அனுப்பியாச்சு’ என்பார்கள். வாயால் கேட்பதை நிறுத்துங்கள். எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தராவிட்டால், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கேயும் அசலைக் கொடுக்காதீர்கள், நகல் போதும். வங்கிக் கணக்கு ரொம்ப நாளாக முடங்கிக் கிடந்தால் அதையும் இப்போதே உயிர்ப்பித்துவிடுங்கள். இல்லையென்றால் வந்த பணமும் திரும்பிப் போய்விடும்.