ராம் மீனுக்கு மருந்து கேட்பவர்களுக்கு

திங்கட்கிழமை என் வண்ணமீன் கடையைத் திறந்ததும் வரும் முதல் போன் பெரும்பாலும் இதுதான்: "அண்ணா, நேத்து வாங்குன ராம் ஜோடி அடியிலயே கிடக்கு, தீனி எடுக்கல. என்ன மருந்து ஊத்தலாம்?" தொட்டி வைத்து எத்தனை நாளாச்சு என்று கேட்பேன். "போன வாரம்தாண்ணா" என்று குரல் இறங்கும்.

அங்கேயே விஷயம் முடிந்துவிடுகிறது. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா என்ற விஷத்தைத் தின்னும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். கப்பி எப்படியோ சமாளித்துவிடும். ராம் தாங்காது. இப்படி பாக்டீரியா குடியேறி முடிந்த பிறகும் (இதைத்தான் 'சைக்கிள்' ஆவது என்போம்) ஓரிரு மாதம் போகட்டும் என்றுதான் நான் சொல்வேன். வியாபாரிக்கு இது நஷ்டமான பேச்சுதான்!

ராம், வெனிசுவேலாவிலும் கொலம்பியாவிலும் ஒரினோக்கோ ஆற்றுப் படுகையின் மீன். உப்பு மிகக் குறைந்த, லேசான அமிலத் தன்மையுள்ள, வெதுவெதுப்பான தண்ணீரில் வாழ்வது. 28 முதல் 30 டிகிரி சூடு சென்னையில் பஞ்சமில்லை, மார்கழியில் மட்டும் ஹீட்டர் போட்டால் போதும். தண்ணீர்தான் சிக்கல். பல ஏரியாக்களில் போர் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 1000ஐத் தாண்டும். அதில் ராம் உயிரோடு இருக்கலாம், முட்டைகூட இடலாம். ஆனால் முட்டைகள் கருவுறாமல் வெள்ளையாகிப் பூஞ்சை பிடிக்கும். குஞ்சு வேண்டுமென்றால் ஆர்.ஓ. தண்ணீர் கலந்து 100க்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். ஒரு வாடிக்கையாளர் சிக்கனம் பார்த்து, ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரைப் பிடித்து ஊற்றியிருந்தார். அது போர் தண்ணீரைவிட உப்பு. தரை துடைக்கலாம், வாசல் கழுவலாம், மீனுக்கு வேண்டாம்.

காய்ந்த வாதாங்கொட்டை மர இலை இரண்டைக் கழுவிப் போட்டால் தண்ணீர் டீ நிறமாகும். பயப்படாதீர்கள், மீனுக்கு அது பிடிக்கும். செடிகளில் அனுபியாசையும் இலங்கையின் கிரிப்டோகோரைன் வென்டியையும் நம்பலாம். தரையில் படரும் மென்மையான செடிகள் 29 டிகிரியில் வாடும்.

வாங்கும்போது கண்ணைப் பறிக்கும் நிறத்தை நம்பாதீர்கள். நிறம் ஏற ஹார்மோன் கலந்த தீனி கொடுத்து வளர்த்த மீன்களும் சந்தைக்கு வருகின்றன. சில வாரத்தில் வெளிறும், பல சமயம் இனப்பெருக்கத்துக்கும் உதவாது. பெட்டையின் வயிற்றில் ரோஜா நிறம் தெரிய வேண்டும், பக்கவாட்டுக் கரும்புள்ளிக்குள் நீலப் பொட்டுகள் மின்ன வேண்டும். அரை அங்குலக் குஞ்சுகளாக ஆறு வாங்கி, தாமாக ஜோடி சேரவிடுவதே என் வழி.

முட்டையைத் தட்டையான கல்லில் ஒட்டும். இரண்டு, மூன்று நாளில் பொரியும். முதல் இரண்டு முறை பெற்றவர்களே தின்றால் கோபப்படாதீர்கள், பழகும்வரை அப்படித்தான். குஞ்சுகள் நீந்தத் தொடங்கும் அன்றே, முட்டையிலிருந்து அப்போதுதான் பொரிந்த ஆர்டீமியா என்ற பொடி இறால் தயாராக இருக்க வேண்டும். தூள் தீனியை நம்பி நான் இழந்த குஞ்சுகளுக்குக் கணக்கில்லை.

இவ்வளவு பொறுமை இல்லையென்றால் ராமின் உறவுக்கார மீனான அபிஸ்டோகிராமா ககடுவாய்டிஸில் தொடங்குங்கள். தண்ணீர் விஷயத்தில் அது அவ்வளவு பிடிவாதம் பிடிக்காது. கொட்டாங்குச்சியில் ஒரு வாசல் வெட்டிக் கவிழ்த்து வைத்தால் உள்ளே கூரையில் முட்டை ஒட்டும். குஞ்சு வளரும்போது தொட்டியின் சூடு ஆண், பெண் விகிதத்தையே மாற்றும்: கூடினால் ஆண், குறைந்தால் பெண் அதிகம். நான் 26 டிகிரியில் நிறுத்துகிறேன். முட்டையிட்ட பெட்டை மஞ்சளாக மாறி, தன்னைவிடப் பெரிய ஆணையே விரட்டும். இரண்டடித் தொட்டி என்றால் ஆணை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். கொட்டாங்குச்சியை மட்டும் தூக்கிப் பார்க்காதீர்கள்.